மரத்தில் அடுக்குமாடி... தீப்பிடித்தால்?

குட்டீஸ்... உங்கள் பாட்டி வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறதா? இருந்தால், அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள். சுள்ளி, தீ பட்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். பருமனான கட்டையோ, லேசில் பற்றாது. பற்றினாலும், மேலே கரி படர்ந்து, உள்ளே மரம் அப்படியே இருக்கும். அணைந்து ஆறிய கட்டையைக் கொத்திப் பார்த்தால் தெரியும். (பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்!)

இந்த அடுப்படி சங்கதியை வைத்துத்தான், வெளிநாடுகளில் ஒரு பெரிய வாக்குவாதம் நடக்கிறது. மரத்தாலேயே அடுக்குமாடி கட்டலாமா, கூடாதா?

எதற்கு மரம் என்கிறீர்களா? உலகில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில், 7 முதல் 8 சதவீதம், சிமென்ட் தயாரிப்பதால் மட்டும் வருகிறது. மரமோ, வளரும்போது அந்த வாயுவை இழுத்து, தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. ஆனால், வெட்டிய இடத்தில் கன்று நட்டு வளர்த்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். காட்டை மொட்டையடித்துவிட்டு, 'பசுமை வீடு' என்று பெயர் வைப்பது ஏமாற்று வேலை.

பலகைகளை நெடுக்கும் குறுக்குமாக அடுக்கி, பசை போட்டு அழுத்தி, பெரிய பாளங்களாகச் செய்கின்றனர். இந்தப் பாளங்களால், லண்டனில், 'முர்ரே குரோவ்' தெருவில், 2009ல், ஒன்பது தளங்கள் கொண்ட குடியிருப்பு எழுந்தது. தரைத்தளம் மட்டும் கான்கிரீட். அதற்கு மேல் சுவர், தளம், லிப்ட் கூண்டு எல்லாமே மரம். மொத்தம், 29 வீடுகள்!

லண்டன்காரர்களுக்கு மரம் என்றால் பழைய பயம் உண்டு. 1666 செப்டம்பர் 2ல், ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ, சில நாட்களிலேயே 13 ஆயிரத்து 200 வீடுகளை விழுங்கியது. பெரும்பாலும் மர வீடுகள். மறு ஆண்டே, 'இனி வெளிச்சுவரை செங்கல்லிலோ, கருங்கல்லிலோதான் கட்ட வேண்டும்' என்று சட்டம் போட்டனர்.

அதே நகரில், 2017 ஜூன் 14ல், 'கிரென்பெல்' என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்து, 72 பேர் இறந்தனர். அந்தக் கட்டடம் கான்கிரீட்தான். வெளியே பொருத்திய பலகைகளில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக்தான், தீயை உச்சி வரை ஏற்றியது. மரம் அல்ல.

ஆனால், 2018 டிசம்பரில் இங்கிலாந்து அரசு போட்ட தடையில், மரமும் சிக்கிக்கொண்டது. 18 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளின் வெளிச்சுவரில், எரியக்கூடிய பொருட்கள் கூடாது என்பது விதி. மரம் எரியுமே! எனவே, முர்ரே குரோவ் மாதிரி இன்னொன்றை, இப்போது அங்கே கட்ட முடியாது.

என்னைக் கேட்டால், 72 உயிர் போன ஊர் பயப்படுவதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால், சுள்ளியையும் கட்டையையும் ஒன்றாகப் பார்ப்பது, சரியாகப் படவில்லை. பருமனான மரம், நிமிடத்துக்குச் சுமார் 0.7 மி.மீ., ஆழம்தான் கரியாகும். ஒரு மணி நேரத்துக்கு 4 செ.மீ., சொச்சம். அந்த அளவு கூடுதல் பருமன் வைத்துவிட்டால், மிச்ச மரம் பாரம் தாங்கும். இரும்போ, 600 டிகிரி சூட்டில், பாதி பலத்தை இழந்து வளைந்துவிடும்.

அதற்காக, மரம் பரம சாது என்று நினைக்காதீர்கள். சில சோதனைகளில், சூட்டில் பசை இளகி, கரிந்த பலகை கழன்று விழுந்தது. உள்ளே இருந்த புது மரத்தில், தீ மறுபடி கிளம்பியது.

அமெரிக்கர்கள் என்ன செய்தனர் தெரியுமா? 2017ல், மேரிலாந்தில், ஓர் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இரண்டு மாடி மரவீடு கட்டி, சாமான்களைப் போட்டு, ஐந்து முறை தீ வைத்துப் பார்த்தனர்! சூட்டைத் தாங்கும் பசைதான் போட வேண்டும் என்று, மறு ஆண்டு தரவிதி வந்தது. 2021ம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளில், மரத்தில் 18 மாடி வரை கட்டலாம் என்று எழுதினர். ஆனால், அந்த உயரத்தில் மரம் துளியும் வெளியே தெரியக்கூடாது. தீப்பிடிக்காத ஜிப்சம் பலகையால் மூட வேண்டும். நீர்த் தெளிப்பானும் கட்டாயம். பெரும்பாலான மரம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா? உயரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கிலாந்திலும் இன்னொரு விதி வந்துள்ளது. 18 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புகளுக்கு, அவற்றை எதில் கட்டினாலும், 2026 செப்டம்பர் 30 முதல், இரண்டு மாடிப்படிகள் வேண்டும். கிரென்பெல் கட்டடத்தில் இருந்தது, ஒரே ஒரு மாடிப்படி.