சங்கக் கணக்கும் இணையவழிப் பட்டமும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர், தென்னேரி)

கூட்டுறவுச் சங்கம் என்பது கட்டடத்தாலோ முதலாலோ மட்டும் நிற்பதன்று, கணக்கால் நிற்பது. கணக்கு ஒழுங்காக இருப்பதோடு, அதனைப் படித்தறியும் வல்லமை அங்கத்தினர்க்கும் இருக்குமாயின் அச்சங்கத்தை எந்தப் புயலும் அசைக்காது. கணக்கு ஒருவர் கையில் மட்டும் அடங்கிவிடுமாயின், அவர் எத்துணை நல்லவராயினும் அச்சங்கம் அங்கத்தினருடையது என்று சொல்வதற்கில்லை.

இந்நாளில் அக்கணக்கு, சிட்டையையும் பேரேட்டையும் விட்டுக் கணினிக்குள் குடிபுகுந்து வருகிறது. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, நாடெங்கிலுமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டத்துக்கு இசைவளித்தது. நபார்டு வங்கியின் பொறுப்பில், ஒரே பொது மென்பொருளின்கீழ் அவற்றைக் கொண்டுவருவது அதன் நோக்கம். நெசவாளர் சங்கங்களிலும் இருப்பும் விற்பனையும் கணினியில் ஏறி வருகின்றன. இம்மாற்றத்தை வரவேற்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வியைக் கூட்டுறவாளர் எல்லோரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டும். ஏடு கணினிக்குள் போனபின் அதனைத் திறந்து படிக்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

இதற்கு நான் கூறும் வழி ஒன்றே. நெசவாளர், உழவர் வீட்டுப் பிள்ளைகளில் சிலராவது வணிக நிர்வாகத்தையும் கணினித் தகவல் முறையையும் ஒருசேரப் படிக்கவேண்டும். அதனை ஊரிலிருந்தபடியே இணையவழிப் பட்டமாகப் படிக்கவேண்டும். அவர்கட்குச் சங்கம் துணை நிற்கவேண்டும்.

கணக்கறிவு நமக்குப் புதிதன்று

நம் மாவட்டத்தார்க்கு இதனை வற்புறுத்திச் சொல்லத் தேவையில்லை. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பதை யாவரும் அறிவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. மற்றொரு விதியும் கருதத்தக்கது. வாரியத்துக்கு வருபவர்க்குக் கால் வேலி நிலம் வேண்டும் என்று கூறிய அந்தச் சபை, உரிய கல்வி உடையவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று தளர்த்திக் கொடுத்தது. சபை அந்நாளில் ஒரு சாராருக்கே உரியதாயிருந்தது என்பது உண்மை. எனினும், பொதுக்காரியம் பார்ப்பவர்க்குச் சொத்தைவிடக் கல்வி பெரிது என்ற எண்ணம் அதில் தொனிக்கிறது.

கூட்டுறவு வரலாற்றிலும் நமக்குப் பங்கு உண்டு. 1904 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தவுடன், அவ்வாண்டு அக்டோபரில் இந்நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு பெற்றது காஞ்சிபுரத்திலேதான். அதற்கும் அறுபது ஆண்டுகள் முன்னர், 1844 இல், இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் 28 பேர் கூடி ஒரு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். சில ஆண்டுகளிலேயே, ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்க அவர்கள் விதி செய்துகொண்டனர். மாவும் வெண்ணெயும் விற்ற கடைக்கு வாசகசாலை எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. படியாத அங்கத்தினரைக் கொண்டு படித்த வணிகரோடு போட்டியிட முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இப்படிப்பு எதைச் சொல்லித்தருகிறது?

வணிக நிர்வாகம் என்றால் கோட்டணிந்து பேசும் வித்தை என்றும், கணினிப் படிப்பு என்றால் பொத்தானைத் தட்டுவது என்றும் நம்மவர் சிலர் கருதுகின்றனர். இரண்டும் தவறு.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் அடக்கவிலை 10,000 ரூபாய் பெறும் சேலைகள் 200, பதினெட்டு மாதமாக விற்காமல் அலமாரியில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். இருப்புப் புத்தகத்தில் அது 20 லட்ச ரூபாய்ச் சொத்து. அப்பணம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கியதாயின், அலமாரியில் கிடந்த காலத்துக்கு மட்டும் 3 லட்ச ரூபாய் வட்டி ஏறியிருக்கும். இருப்பு என்று எழுதியிருப்பது உண்மையில் எவ்வளவு நட்டத்தை உள்ளடக்கியது, எந்த வண்ணத்தை நிறுத்தி எந்தக் கரையைக் கூட்டவேண்டும், பாவு கொடுப்பதைக் குறைக்காமல் முதலை எப்படிச் சுழலவிடுவது என்பனவற்றை ஆராய்வதே வணிக நிர்வாகம்.

இனி, தகவல் முறை என்பது யாது? தறிக்குப் போன பட்டின் எடை ஒரு புத்தகத்தில், ஜரிகையின் எடை மற்றொன்றில், வந்த சேலை இன்னொன்றில், கூலி வேறொன்றில், விற்பனை பிறிதொன்றில். எந்த மாதிரிச் சேலை எவ்வளவு நாளாகத் தங்கியது என்று ஒருவர் கேட்டால் ஐந்து புத்தகங்களையும் இரண்டு நாள் புரட்டவேண்டும். ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணின்கீழ் நெய்தவர், எடை, கழிவு, கூலி, விற்ற நாள் ஆகிய யாவும் ஒன்றோடொன்று இணைந்திருக்குமாறு அமைத்துவிட்டால் அவ்விடை நொடியில் கிடைக்கும். அவ்வாறு அமைப்பது எப்படி, அமைத்ததைச் சோதிப்பது எப்படி என்பதே அப்படிப்பு.

நல்ல கணக்கரின் பழைய ஒழுக்கங்கள் யாவும் அங்கே வேறு பெயரில் வருகின்றன. பேரேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்காமல், ஒற்றைக் கோடு கிழித்து ஒப்பமிடுவது நமது முறை. கணினியிலும் திருத்தியவர் யார், திருத்துமுன் என்ன இருந்தது என்ற தடம் அழியாமல் நிற்கவேண்டும். பணம் வாங்குபவரே செலவுக்கு உத்தரவு கொடுக்கலாகாது என்பது நமது விதி. கணினியிலும் பதிபவர் ஒருவர், ஒப்புபவர் ஒருவர் என்று இருக்கவேண்டும். பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்து வைப்பது போலக் கடவுச்சொல்லைக் காக்கவேண்டும். தணிக்கைக்குச் சென்ற ஓர் இடத்தில் அதனைத் தாளில் எழுதி மேசைமேல் ஒட்டியிருந்ததைக் கண்டேன். அது சாவியை வாயிற்கதவில் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். கணக்கின் மறுபடி ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட இம்மாவட்டத்தார்க்கு அதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

உழவர்க்கும் இது பொருந்தும். பயிர்க்கடன், நகைக்கடன், உர இருப்பு ஆகிய எல்லாம் இப்போது விவரங்களின் பொருத்தத்தைப் பொறுத்தவை. 2021 ஆம் ஆண்டில் தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, தகுதியுடையோர் யார் என்பது கணினி விவரங்களை ஒப்பிட்டே முடிவு செய்யப்பட்டது. தம் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டு வந்தவர்க்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் ஆள் ஒவ்வொரு சங்கத்திலும் தேவைப்பட்டார்.

எங்கே படிப்பது?

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020 ஆம் ஆண்டில் தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் படிப்பைத் தொடங்கிற்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், வயது வரம்பின்றிச் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்கவேண்டும். நாடு முழுவதற்குமான பொறியியல் நுழைவுத் தேர்வு இதற்கு வேண்டுவதில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, அவற்றில் வைக்கும் தகுதித் தேர்வில் தேறவேண்டும். பாடங்கள் வீட்டுக்கு வரும். பரீட்சையை மட்டும் குறித்த நிலையத்துக்கு நேரில் சென்று எழுதவேண்டும். பாடத்தின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் செலுத்தலாம். வருமானம் குறைந்த குடும்பத்தார்க்குச் சலுகையும் உண்டு. இடையில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த நிலைக்கு உரிய சான்று கிடைக்கும்.

அதில் வணிகத் தரவு மேலாண்மை என்றொரு பாடம் உண்டு. மாணவர் உண்மையான ஒரு தொழிலிடத்துக்குச் சென்று, அதன் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து எழுதுவதும் அதனைச் சேர்ந்தது. அந்தத் தொழிலிடம் நமது சங்கமாக ஏன் இருக்கலாகாது? அலமாரியில் கிடக்கும் சேலையைப் பற்றி ஒரு மாணவி எழுதும் ஆராய்ச்சி அவளுக்கு மதிப்பெண்ணும் சங்கத்துக்கு வழியும் தரும்.

1985 இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002 இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வணிக நிர்வாகத்தையும் கணினிப் பயன்பாட்டையும் தொலைவழியில் கற்பிக்கின்றன. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகம், இவ்விரண்டையும் இணைத்த இளநிலைப் பட்டம் ஒன்றை 2024 இல் இணையவழியில் தொடங்கியுள்ளது. பட்டம் வேண்டாம், ஒரு பாடம் மட்டும் போதும் என்பவர்க்கு, 2017 முதல் நடைபெறும் 'ஸ்வயம்' என்ற மத்திய அரசின் தளத்தில் கட்டணமின்றிக் கற்க வழி உண்டு.

ஓர் எச்சரிக்கை. பல்கலைக்கழக மானியக் குழு 2020 இல் வகுத்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெற்ற பட்டத்துக்குச் சமம்; இதனைக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்திற்று. ஆனால் விளம்பரம் செய்வோர் எல்லோரும் அங்கீகாரம் பெற்றவரல்லர். கட்டணம் செலுத்துமுன் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில், அந்தப் படிப்பும் அந்த ஆண்டும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பொறியியல், மருத்துவம், வேளாண்மை முதலியவற்றை முழுதும் இணையவழிப் பட்டமாக நடத்த அவ்விதிகள் இடந்தரவில்லை. அப்படிப் பட்டம் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாயிருத்தல் நலம்.

ஆட்சேபங்கள்

வீட்டிலிருந்து படிப்பது படிப்பாகுமா என்று பெரியோர் கேட்பர். ஆசிரியரும் தோழரும் இல்லாமல் தனியே படிப்பவர் பாதியில் சோர்ந்துவிடுவர் என்பது மெய்யே. அதற்காகப் படிப்பைக் கைவிடுவதா, துணையைச் சேர்ப்பதா? தறியிலும் பக்கத்தில் ஆள் இல்லாமல் கோர்வை போடுவதில்லை. இருவர் மூவராகச் சேர்ந்து படித்தால் தளர்ச்சி குறையும்.

படித்தவர் ஊரைவிட்டுப் போய்விடுவர் என்பது அடுத்த ஆட்சேபம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப்போகும் நம் இளைஞர் பட்டம் பெறாமலே போகின்றனர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பட்டம் பெற்றவரிலும் சிலர் போவர். அவர்கள் போகட்டும்; நம் சேலைக்கும் நெல்லுக்கும் சந்தை தேடித்தர வெளியிலும் ஆள் வேண்டும். இருப்பவர் இருப்பர். முறைவேலைக்குப் போகும் பிள்ளை ஓய்வு வேளையில் படிக்கலாம். ஐயம்பேட்டை, வாலாஜாபாத் பக்கத்துத் தறி வீடுகளில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணை, தொலைவிலுள்ள கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் வீட்டிலிருந்து படிக்க இசைவர். உண்மையில் இவ்வழி அத்தகைய பெண்களுக்கே மிகவும் பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

சங்கத்தில் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒளிவுமறைவின்றி விடை சொல்லவேண்டும். வேலை நியமனம் அதற்குரிய விதிப்படியும் தேர்வுப்படியும் நடைபெறுவது. அதை உறுதி கூற எவர்க்கும் அதிகாரமில்லை. வேலைக்காக மட்டும் இதனை நான் கூறவில்லை. பேரவையில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து நின்று, இந்தத் தொகை எந்தத் தலைப்பில் வந்தது என்று கேட்கத் தெரிந்த அங்கத்தினர் பத்துப் பேர் இருந்தால், அது சங்கத்துக்குப் பத்துத் தணிக்கையாளர் கிடைத்ததற்குச் சமம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, மாலை வேளையில் சங்கக் கட்டடத்தின் ஓர் அறையையும், கணக்குக் கணினியோடு சேராத தனிக் கணினி ஒன்றையும், இணைய வசதியையும் இப்பிள்ளைகட்கு அளிக்கலாம். இரண்டாவது, துணைவிதி இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து பருவந்தோறும் கட்டண உதவி செய்யலாம். முழுதும் இனாமாகக் கொடுப்பதைவிட, தேறிய பாடத்துக்குத் தள்ளுபடியும் தேறாததற்குத் தவணையும் வைப்பது பொறுப்புணர்ச்சியை வளர்க்கும். மூன்றாவது, அங்கத்தினரின் தனி விவரங்களை நீக்கிவிட்டு, பழைய ஆண்டுகளின் இருப்பு விற்பனைக் கணக்கைப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். நான்காவதே முக்கியமானது. ஆண்டுப் பேரவையில் அப்பிள்ளைகளைக்கொண்டே சங்கத்தின் கணக்கை எளிய தமிழில் அங்கத்தினர்க்கு விளக்கச் செய்யவேண்டும். ஆங்கிலத்தில் கற்றதைத் தன் தாயும் தந்தையும் புரிந்துகொள்ளுமாறு சொல்லத் தெரிந்தால்தான் அந்தக் கல்வி முற்றியதாகும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானமும் ஓர் அறையும் போதும். தென்னேரியின் பெரிய ஏரியை முன்னோர் வெட்டிவைத்ததோடு நில்லாமல், மதகைத் திறக்கவும் அடைக்கவும், மடைக்கு மடை நீரை அளந்து பாய்ச்சவும் தெரிந்தவரை ஊரிலேயே வைத்திருந்தனர். அதனால்தான் ஏரி ஊராருடையதாயிருந்தது. இன்று கணினி என்னும் ஏரி நமக்கு வாய்த்திருக்கிறது. அதன் மதகை இயக்கத் தெரிந்தவரையும் நம் வீடுகளிலிருந்தே ஆயத்தம் செய்வது நம் கடமை. அடுத்த பருவச் சேர்க்கைக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இருவரையாவது தேர்ந்தெடுக்க முன்வருமாக.