மழை வந்த பிறகும்



2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றார்கள். பிறகு மழை வந்தது. செய்தித்தாள்கள் வேறு செய்திக்குப் போய்விட்டன. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சம்சாரி வீடுகளில் வறட்சி அத்தனை சீக்கிரம் முடிவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேச நினைக்கிறேன்.

அந்தச் சீமையில் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். மழை விழும்வரை விதை மண்ணுக்குள் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால், பின்னால் மழை நின்றாலும் மடையைத் திறந்து பயிரைக் கரையேற்றிவிடலாம். மழையே இல்லாத வருஷத்தைவிட, இரண்டு நாள் பெய்துவிட்டு நின்றுபோகும் வருஷம் கொடுமையானது. முளை கிளம்பிவிடும், வெயிலில் கருகும், விதையும் போய்விடும். மறுபடி உழவு, மறுபடி விதை. அதற்கான பணம் பெரும்பாலும் வட்டிக்குத்தான் வரும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போகும். முதலில் ஆடு. வைக்கோல் படப்பு கரைந்ததும் மாடு. ஊரே ஒரே சமயத்தில் சந்தைக்கு ஓட்டி வருவதால் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். மழை பெய்த வருஷம் வாங்கப் போனால், எல்லோரும் வாங்க வந்து நிற்பார்கள், விலை ஏறியிருக்கும். தோடும் வளையலும் அடகுக்குப் போகும். இளவட்டங்கள் திருப்பூருக்கு வண்டி ஏறுவார்கள். ஊரில் தங்கியவர்கள் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். நிலத்தைப் பாழாக்கும் மரம் என்று அதைத் திட்டாதவர் இல்லை. ஆனாலும் வறண்ட வருஷங்களில் பல வீடுகளுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது அந்தக் கரிதான். 2017 வறட்சியின்போது நூறு நாள் வேலையையும் 150 நாளாக உயர்த்தினார்கள்.

இதையெல்லாம் விவசாயியின் தாங்கும் சக்தி என்று மெச்சுவதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது. தாங்குவதற்கு அவர்கள் செலவழிப்பது அடுத்த வருஷத்து வெள்ளாமையை. மாடு போனால் எரு போகிறது, பால் காசு போகிறது. வெளியூர் போன பையன் எல்லா நேரமும் திரும்புவதில்லை. நல்ல மழை பெய்தும் நிலம் தரிசாகக் கிடந்தால் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்; விதைக்கக் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆகவே உதவியின் அளவைப் போலவே அது வரும் நாளும் முக்கியம். மானியத் தீவனம் மாடு சந்தைக்குப் போகும் முன் வர வேண்டும். பயிர்க் காப்பீட்டுத் தொகையோ மாதிரி அறுவடை, மகசூல் கணக்கு எல்லாம் முடிந்து பல நேரம் அடுத்த விதைப்புக்கும் பிந்தியே வருகிறது; அதில் ஒரு பங்கையாவது முன்கூட்டித் தரலாம். 2017-இல் குடிமராமத்து என்ற பெயரில் கண்மாய் வேலைகள் மறுபடி தொடங்கின. கரையைப் பலப்படுத்துவதோடு, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களில் உள்ள ஆக்கிரமிப்பையும் எடுத்தால்தான் அந்தச் செலவுக்குப் பலன்.

உங்கள் வீட்டில் வறட்சியில் விற்ற மாட்டைத் திரும்ப வாங்க எத்தனை வருஷம் ஆனது? அடகு வைத்த நகை மீண்டதா? விதை நெல்லைக் காப்பாற்ற என்ன வழி செய்தீர்கள்? எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்கு வரும் இதழில் பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்