போட்டோவுக்கும் ஒரு விதை நெல்

கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டால், அழுகைக்கு நடுவிலேயே ஒரு தேடல் தொடங்கிவிடும். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும். வீட்டில் உள்ள நாலு செல்போனிலும் தேடுவார்கள். ஆயிரக்கணக்கில் படங்கள் வரும்... குட் மார்னிங் ரோஜாப்பூ, யாரோ அனுப்பிய ஜோக், கரண்ட் பில், பைக் பக்கத்தில் நின்று எடுத்த செல்ஃபி. பெரியவரின் முகம் மட்டும் கிடைக்காது. கடைசியில் ஆதார் அட்டையில் இருக்கும் முகத்தையோ, ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற முகத்தையோ வெட்டி எடுத்துப் பெரிதாக்கி மாலை போட்டுவிடுவார்கள்.

அவரை யாருமே படம் எடுக்கவில்லையா? எடுத்திருப்பார்கள். ஆனால் அது இரண்டு போனுக்கு முந்தைய போனில் இருந்திருக்கும். அந்தப் போன் எக்ஸ்சேஞ்சில் போயிருக்கும், இல்லை கிணற்றடியில் தண்ணீருக்குள் விழுந்திருக்கும். போன் போனதற்கு வீடே வருத்தப்பட்டிருக்கும். அதோடு என்னென்ன போனது என்பது சாவு வீட்டில்தான் தெரியவரும்!

வீட்டில் பத்திரம், சான்றிதழ், நகை எல்லாவற்றுக்கும் பீரோவில் இடம் உண்டு. போட்டோவுக்கு மட்டும் கிடையாது. உண்மையில் பார்த்தால், காகிதங்களைவிட போட்டோவுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை. இதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2022 ஜூலை 17 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில் நடந்த கலவரத்தில் ஒரு தனியார் பள்ளி சூறையாடப்பட்டது. பேருந்துகளோடு மாணவர்களின் சான்றிதழ்களும் எரிந்தன. பெற்றோர் பதறிப்போனார்கள். ஆனால் சான்றிதழ்களை மறுபடி வழங்க அரசால் ஏற்பாடு செய்ய முடிந்தது. காரணம், அந்த விவரங்களுக்கு வேறு அலுவலகங்களில் இன்னொரு பதிவு இருந்தது. பாட்டி சிரிக்கும் படத்துக்கு எந்த அலுவலகத்தில் பதிவு இருக்கிறது? எந்தத் தாசில்தார் அதற்கு நகல் கொடுப்பார்? அந்த இரண்டாவது பதிவை வீடுதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

"அதெல்லாம் கூகுள்ல இருக்கு" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் பதில். இருக்கிறதா என்று திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? கூகுள் போட்டோஸ் செயலி சாதாரணமாக வைஃபை கிடைக்கும்போதுதான் படங்களை மேலே ஏற்றும். மொபைல் டேட்டாவிலும் ஏற்று என்று அமைப்பில் மாற்றினால்தான் டேட்டாவில் ஏற்றும். வைஃபை இல்லாத வீட்டில், சிக்னல் விட்டுவிட்டு வரும் கல்வராயன் மலைக் கிராமத்தில், பேக்கப் 'ஆன்' என்று காட்டினாலும் ஒரு படம்கூட ஏறாமல் கிடக்கலாம்.

அடுத்தது இடக் கணக்கு. அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது. இலவசமாகக் கிடைப்பது வழக்கமாக 15 ஜிபி. அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு உண்டு. ஒரு படம் 4 எம்பி என்று வைத்தால் 10,000 படங்களுக்கு 40 ஜிபி. கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிகிறதல்லவா?

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. போனும் கூகுள் கணக்கும் ஒன்றோடு ஒன்று பிணைந்தவை. இடம் போதவில்லை என்று அந்தச் செயலியில் ஒரு படத்தை நீக்கினால் மேலே இருப்பதும் சேர்ந்தே போகும். 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குப் பிறகு கிடைக்காது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை இரண்டாவது ஆள் என்று எண்ணுவதும், இதைப் பேக்கப் என்று எண்ணுவதும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருப்பதும் சரியான நகல் ஆகாது. சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி போன்ற விவரங்களும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மட்டுமே முழுதாகப் போகும்.

பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அது ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணினியில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. இதில் இரண்டு பாடங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. ஒரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற விதியும் இதைத்தான் சொல்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில். விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விளைந்ததை எல்லாம் ஒரே குதிரில் கொட்டி, அதையே சாப்பிட்டும் தீர்க்க மாட்டார். விதை நெல்லைத் தனியாக எடுத்து வைப்பார்.

நடைமுறையில் இது பெரிய வேலை இல்லை. போனில் ஒன்று. வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒன்று. மூன்றாவது, இன்னொரு ஊரில். வெள்ளிமலையில் இருப்பவருக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு சித்தப்பா வீடு இருக்கும். கள்ளக்குறிச்சியில் இருப்பவருக்குச் சேலத்தில் ஒரு அக்கா வீடு இருக்கும். அவர்களுடைய டிஸ்க் இங்கே, இங்குள்ள டிஸ்க் அங்கே. பொங்கலுக்கு வரும்போது மாற்றிக்கொள்ளலாம். இணையமே தேவையில்லை. டிஸ்க் வாங்க வசதி இல்லாத வீடு, முக்கியமான 50 படங்களை மட்டும் மெமரி கார்டில் ஏற்றி, அதே படங்களை ஸ்டுடியோவில் பிரிண்டும் போட்டு வைக்கலாம். 2000-களில் கல்யாண வீடியோவை சிடியில், டிவிடியில் வாங்கி வைத்தவர்கள் அதை உடனே டிஸ்கில் ஏற்றிக்கொள்வது நல்லது. புது லேப்டாப்களில் அதைப் போடும் வசதியே பெரும்பாலும் இல்லை.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, பெயரும் எழுத வேண்டும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாகப் பாதுகாக்கும் பணி நடந்தது. அப்படிப்பட்ட பழைய படங்களைக் கையில் எடுத்தால் முதலில் எழும் கேள்வி, இதில் இருப்பவர் யார் என்பதுதான். பெயர் தெரியாத தாத்தா யாருக்கோ தாத்தா. 'ஐஎம்ஜி 2047' என்ற கோப்புக்கு 'அப்பாயி, சாமை அறுவடை, 2019' என்று பெயர் வைக்க அரை நிமிடம் போதும். சொல்லக்கூடிய ஆள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

இதை யார் செய்வது? வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளைதான். போன் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்தவர்களுக்கு இந்தப் பொறுப்பும் உண்டு. ஆயுத பூஜை அன்று பைக்கைக் கழுவிப் பொட்டு வைக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். படங்களை ஏற்றி, நாலைந்தைத் திறந்து பார்த்து, பெயர் எழுதி முடித்துவிடலாம்.

வணிகவியல் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. போனுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் வருடா வருடம் மதிப்பு குறைந்துகொண்டே வரும். அதனுள் இருக்கும் அப்பாயியின் படத்துக்கு மட்டும் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். இதில் எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதற்கு பி.காம். படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.