பாலாற்றுக்குக் கணினி விடும் தண்ணீர்

கணினியில் மலை செய்வது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதாதே என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த தலைமை எழுத்தர் சொல்வார். திட்டுவதற்கும் அதே விதிதான்.

காகிதத்தில் ஒரு முக்கோணம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பக்கங்களின் நடுப்புள்ளியையும் குறியுங்கள். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தக்கபடி ஒவ்வொரு புள்ளியையும் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். நகர்த்திய புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால் நான்கு சின்ன முக்கோணங்கள் கிடைக்கும். அந்த நான்கிலும் அதையே மறுபடி செய்யுங்கள். இந்த முறை நகர்த்தும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது சுற்றில் 10,48,576 முக்கோணங்கள் ஆகிவிடும். நமக்குக் கை வலிக்கும், கணினிக்கு வலிக்காது. ஒரு பக்கத்திலிருந்து வெயில் அடிப்பதுபோல் நிழல் போட்டுப் பார்த்தால் கரடுமுரடான மலைத்தொடர் ஒன்று நிற்கும். எவரும் ஏறாத மலை, எந்த வரைபடத்திலும் இல்லாத மலை. அவ்வளவுதான் வித்தை.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கைச் சொன்னவர் பெனுவா மாண்டல்ப்ரோ. 1924-ல் வார்சாவில் பிறந்து, 1936-ல் குடும்பத்தோடு பிரான்சுக்கு வந்து, அங்கே படித்து, பிறகு அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மேகம் உருண்டை அல்ல, மலை கூம்பு அல்ல, கடற்கரை வட்டம் அல்ல. பள்ளிக்கூட வடிவியலால் இவற்றை அளக்க முடியாது என்பது அவர் வாதம். அவருடைய புத்தகம் முதலில் பிரெஞ்சில்தான், 1975-ல் வந்தது. ஐந்து வருடம் கழித்து, போயிங் விமான நிறுவனத்தில் இருந்த லோரன் கார்ப்பென்டர் என்பவர் இந்தக் கணக்கை வைத்து இரண்டு நிமிடப் படம் ஒன்று செய்தார். மலைகளுக்கு நடுவே பறப்பது போன்ற படம். அதற்கும் அவர் வைத்தது பிரெஞ்சுப் பெயர்: 'வோல் லீப்ர்', தடையில்லாப் பறத்தல். அந்த இரண்டு நிமிடம் அவருக்கு லூகாஸ்ஃபிலிமில் வேலை வாங்கித் தந்தது. 1982-ல் வந்த ஸ்டார் டிரெக் படத்தில் செத்த கோளம் ஒன்று மலையும் கடலுமாக உயிர்பெறும் காட்சி அந்தக் குழு செய்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் இந்த விஷயத்தில் அடிக்கடி பிரெஞ்சு எட்டிப்பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பிறகு வீட்டுக் கணினியிலேயே காடு மலை செய்யும் மென்பொருள்கள் வந்தன. அதில் பெயர் பெற்ற ஒன்று பிரெஞ்சு நிறுவனத்தாருடையது. 'வ்யூ தெஸ்ப்ரி' என்று பெயர். பிரெஞ்சில் ஒன்றை 'வ்யூ த லெஸ்ப்ரி' என்று சொன்னால், அது மண்டைக்குள் மட்டும் இருக்கிறது, வெளியே இல்லை என்று பொருள். எங்கள் ஆசிரியர் கட்டுரை நோட்டின் ஓரத்தில் சிவப்பு மசியால் எழுதுவார் அதை. எழுதினால் மதிப்பெண் போச்சு. செய்தவர்கள் தங்கள் சரக்குக்கு நேர்மையான பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்கள்தான் பெயரைப் படிப்பதில்லை.

சினிமாவில் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. விமானம் ஓட்டப் பழகுகிறவனுக்குப் பொய் மலை வேண்டும். நிஜ மலையில் மோதிப் பழக முடியாது. பிள்ளைகள் விளையாட்டில் காடு வேண்டும், இருக்கட்டும். என் சண்டை, அது திருமுக்கூடலுக்கு வந்து சேர்ந்த விதத்தோடு. இப்போது முக்கோணம், தாயக்கட்டை எதுவும் தெரிய வேண்டியதில்லை. கைபேசியில் ஒரு வரி எழுதினால் ஆறும் மலையும் அரை நிமிடத்தில் வந்து விழுகின்றன.

முதலில் வந்தது மனைப்பிரிவு நோட்டீஸ். நம் பக்கத்து மனை என்று போட்டு, பின்னால் நீல மலை அடுக்கு, முன்னால் தளும்பும் ஆறு, கரையில் ஊசியிலை மரங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊசியிலை மரம்! சிரித்துவிட்டுப் போட்டுவிட்டேன். அடுத்தது பார்வேட்டை பேனர். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரம் வந்து, பாலாற்றைத் தாண்டி நம் ஊர்ப் பெருமாளிடம் வருகிறார். சீவரம் நரசிம்மர், காலியாப்பேட்டை, சாலவாக்கம் பெருமாள்களும் சேர்ந்து ஐந்து பேர் சேவை. பையன்கள் வைத்த பேனரில் ஐந்து பெருமாள்களுக்குப் பின்னால் பனி மலை. பழைய சீவரம் குன்று எங்கேடா என்று என் தம்பி மகனைக் கேட்டேன். "அது சின்னதா இருக்கு பெரியப்பா, கம்பீரமா வரல" என்றான். நரசிம்மர் அந்தச் சின்னக் குன்றைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அவருக்குக் கம்பீரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இவை சில்லறை. மூன்றாவதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. செய்யாற்றுப் பக்கம் கரையை ஒட்டி மணல் வெட்டிய குழிகளைப் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம், ஆறு புகைப்படங்களோடு. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. மனுவை வாங்கிய இளைஞர் மரியாதையானவர். என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். படங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "சார், இது நிஜப் படமா, ஏஐ-ல பண்ணதா?" கேலியாகக் கேட்கவில்லை. அவர் மேசைக்கு இரண்டு வகையும் வருகிறதாம். நேரில் வந்து பாருங்கள் என்றோம். மனு நடவடிக்கையில் இருப்பதாகப் பதில் வந்தது. அந்தச் சொல்லை நானே பல ஆண்டுகள் எழுதியிருப்பதால் அதன் எடை எனக்குத் தெரியும்.

பாருங்கள், பொய்ப் படத்தால் வரும் கேடு, பொய்யை நம்புவது மட்டுமில்லை. மெய்யை ஒதுக்குகிறவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. குழி வெட்டியவன் ஒரு காசு செலவில்லாமல், பனிமலை பேனர் வைத்த பையன்களால் பாதுகாக்கப்படுகிறான்.

"ஓவியன் வரைந்தால் மட்டும் ஒத்துக்கொள்வீர்களா?" என்பது தம்பி மகனின் கேள்வி. ஒத்துக்கொள்வேன். ஓவியன் எங்காவது உட்கார்ந்து எதையாவது பார்த்திருப்பான். தப்பாக வரைந்திருந்தால், ஏனப்பா இப்படி என்று அவனைக் கேட்கலாம். பிரெஞ்சில் நிலக்காட்சிக்குப் 'பெயிசாழ்' என்று பெயர். 'பெயி' என்றால் நாடு, ஊர்ப்புறம். (பேய் என்று காதில் விழும், வகுப்பில் அதற்கே சிரித்துக் கொட்டு வாங்கியிருக்கிறோம்.) அதே வேரில்தான் 'பெயிசான்', குடியானவன், என்ற சொல்லும் வருகிறது. நிலமும் அதில் உழைக்கிறவனும் ஒரே வேர். தமிழில் இதை இன்னும் தீர்க்கமாகச் சொன்னார்கள்: திணை என்றால் நிலமும் பொழுதும் மட்டுமில்லை; தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில், பறை எல்லாம் சேர்ந்தது. கணினி நிலத்தில் பொழுது உண்டு, எப்போதும் மாலை ஐந்தரை மணி. மற்றதற்கு இடமில்லை.

தொழில்நுட்பமாகவும் ஒரு சேதி இருக்கிறது. முக்கோணத்தில் செய்யும் மலைக்கு ஆறு வராது. நிஜ நிலத்தில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அறுத்துக்கொண்டு வந்து, ஓடை ஓடையோடு சேர்ந்து, கால்வாய் ஆற்றோடு சேர்ந்து, எல்லாப் பள்ளமும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருக்கும். தாயக்கட்டைப் பள்ளங்கள் தனித்தனிக் குழிகள்; தண்ணீர் விட்டால் அங்கங்கே தேங்கும். கணினி மலையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். ஜவ்வாது மலையைக் கவிழ்த்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் செய்யாறு அதைச் செதுக்கியிருக்கிறது. இந்தக் குறை மாண்டல்ப்ரோவுக்கே தெரியும். 1989-ல் மஸ்கிரேவ் என்பவரும் கூட்டாளிகளும் கணினி மலை மேல் கணினி மழையைப் பொழியவிட்டு, மண் அரிப்பைக் கணக்குப் போட்டு ஓடைகளை வரவழைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஆறு கூடுவதையே பெயராக வைத்திருக்கும் ஊருக்கு, ஆறு வராத ஒரு வித்தையை வைத்துப் படம் போடுவதா?

இன்னொன்றும் உண்டு, நம் ஊருக்கு அதுதான் முக்கியம். இந்த மென்பொருள்களில் நிலம் என்பது பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம், அவ்வளவே. மேல் தோல் மட்டும். அடியில் ஒன்றும் கிடையாது. பாலாறு நந்தி மலைப் பகுதியில் பிறந்து மூன்று மாநிலம் கடந்து 348 கிலோமீட்டர் வருகிற ஆறு. வருடத்தில் அதிக நாள் அது மணலுக்குள்தான் ஓடுகிறது. மேலே மணல், இரண்டு முழம் தோண்டினால் ஊற்று. அந்த நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோன பாசனம் இந்த மாவட்டத்தின் பழைய பாசனம். அந்த மணலை அள்ளிவிட்டால் ஆறு மேலே வறண்டது போல் கீழேயும் வறண்டுவிடும். அதனால்தான் குழிகளைப் பற்றி மனு. படத்தில் நுரைத்து ஓடும் தண்ணீரைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, மணல்தான் ஆறு என்பதை எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? வெறும் மணல் கிடக்கிறது, அள்ளினால் என்ன என்றுதானே அவனும் கேட்பான்?

"நிஜத்தில் தண்ணீர் இல்லை, படத்திலாவது ஓடட்டுமே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதே, அதைப் பாலத்தில் நின்று பார்க்க எவ்வளவு கூட்டம்! அந்த வெள்ளத்தைப் படம் பிடித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதைப் போடுங்கள். அந்தத் தண்ணீர் எங்கே நின்றது, எவ்வளவு கடலுக்குப் போனது என்ற கேள்வியும் அந்தப் படத்தோடு கூடவே வரும். வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஆறு இது. கணினி ஆற்றுக்குக் கழிவு இல்லை, வழக்கு இல்லை, வாய்தா இல்லை. அதற்காக எவரும் அசைய வேண்டாம்.

நிலத்தைச் சொல்வது என்பது நம் பக்கத்தில் லேசான காரியமாக இருந்ததில்லை. லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்ததிலிருந்துதான் இந்தியா முழுதுக்குமான அளவு கிளம்பியது. நான் வேலை பார்த்த வருவாய்த் துறையில் ஒரு புலப்படத்தில் ஒரு கல் இடம் மாறினால் பங்காளிகள் பத்து வருடம் கோர்ட்டில் நிற்பார்கள். இன்னும் பின்னே போனால், உத்திரமேரூரில் வைரமேகத் தடாகத்தை வெட்டிய பல்லவர் காலம். பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம், அதற்கு ஆள் எடுக்கக் குடவோலை. நம் பெருமாள் கோயில் சுவரிலேயே வீரராசேந்திரன் கல்வெட்டு இருக்கிறது: 15 படுக்கை உள்ள ஆதுலர் சாலை, அதில் மருத்துவர் யார், அறுவை செய்கிறவருக்கு எவ்வளவு நெல், மருந்து என்னென்ன இருப்பு என்று. கல்லில் எழுதியவர்கள் அளவையும் பெயரையும் எழுதினார்கள். அதனால்தான் ஆயிரம் வருடத்தை நெருங்கும்போதும் படித்துச் சரிபார்க்க முடிகிறது.

ஆகவே பேனர் வைக்கும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த பார்வேட்டைக்குப் பழைய சீவரம் குன்று இருக்கிறபடி இருக்க வேண்டும், ஆறு மணலாகக் கிடந்தால் மணலாகவே. கணினியில் செய்த படம்தான் வேண்டும் என்றால் அதன் மேலேயே 'கணினியில் செய்தது' என்று பெருமாள் பெயர் அளவு எழுத்தில் போட வேண்டும். பையன்கள் முனகினார்கள், ஒருவன் மட்டும் புகைப்படம் எடுத்துத் தருகிறேன் என்றான். மனுவுக்கு இனி எடுக்கும் படங்களில் ஒரு சர்வே கல்லோ பாலத்துத் தூணோ கட்டாயம் தெரிய வேண்டும். எடுத்த தேதியும் புல எண்ணும் பின்பக்கம் மசியில், எடுத்தவர் கையெழுத்தோடு.

உங்களில் எவர் வீட்டிலாவது முக்கூடல் தெரியும் பழைய படம் இருந்தால், கல்யாணப் படத்தின் பின்னணியில் தெரிந்தாலும் போதும், ஒரு பிரதி கொடுங்கள். 1980-க்கு முந்தியதாக இருந்தால் நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். வருடம் நினைவில்லை என்றால் அந்தக் கல்யாணத்தில் பிறகு பிறந்த பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள், கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.