மணிக்கு ஒரு கயிறு, ஒரு ஊசி

போன வாரம் காலை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது நேயர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். "அக்கா, இங்கிலாந்துல ஆளுங்க நாயோட மலை ஏறுற வீடியோ பார்த்தேன். பச்சைப் புல்லு, கல்லுச் சுவரு, முன்னால நாய் துள்ளிக்கிட்டு ஓடுது. நம்ம ஊர்லயும் அப்படிக் கூட்டிட்டுப் போகலாமா?" அடுத்த பாட்டுக்கு இருபது விநாடிதான் இருந்தது. "தாராளமா போகலாம், கயிறு மட்டும் மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன்.

பதில் தப்பில்லை. ஆனால் அது பாதி பதில்தான். மீதியை நானே போன மாதம்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் பயந்து நடுங்கி. இருபது விநாடியில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மாதம் ஒரு முறை பீடோருக்குப் போவேன். அப்பா அம்மா இருவரும் அங்கேதான். போகிற வழியில் கொய்யா வாங்குவேன். வீட்டு வாசலில் காரை நிறுத்துவதற்குள் மணி வந்து கதவைப் பிராண்டும். மணி எங்கள் நாய். ஐந்து வயது. சாதி, வம்சம் என்று எதுவும் கிடையாது, சுத்தமான கம்பத்து நாய். ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் அப்பா, நான், மணி மூவரும் நடக்கக் கிளம்பிவிடுவோம். தமானுக்குப் பின்னால் செம்பனை, அதைத் தாண்டினால் யாரும் பால் வெட்டாமல் விட்டுப்போன கித்தா மரங்கள், அப்புறம் மேடு. மேட்டில் ஏறி நின்றால் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நீலமாக நீண்டு கிடக்கும்.

அந்த மேட்டில் நின்றாலே அப்பாவுக்குப் பாட்டியின் ஞாபகம் வந்துவிடும். பாட்டி பால் வெட்டியவர். விடியும் முன் இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவாராம். முன்னால் நாய் போகும். "பாம்பு கிடந்தா அது நிக்கும். அது நின்னா நாமளும் நிக்கணும். அவ்வளவுதான்" என்பார் அப்பா. அந்தக் காலத்துத் தோட்டத்து நாயை யாரும் கட்டிப்போட்டதில்லை. அதனால் மணியையும் அப்பா கட்டியதில்லை. நானும் வற்புறுத்தியதில்லை.

போன மாதம் அதே மேட்டில் புதருக்குள் ஏதோ சலசலத்தது. காட்டுப்பன்றியாக இருக்க வேண்டும். மணி ஒரு குரைப்புக் குரைத்தது, அடுத்த நொடி காணோம். கூப்பிட்டோம், விசிலடித்தோம். பத்து நிமிடம் ஆகியும் வரவில்லை, இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. காட்டோரத்தில் பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். ஆனாலும் வைக்கிறார்கள். அதில் மாட்டிய கால் இழுக்க இழுக்க இறுகும். நாற்பது நிமிடம் கழித்து மணி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் சேறும் காதில் இரண்டு அட்டையுமாக வந்து சேர்ந்தது. வாலை வேறு ஆட்டியது.

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதன் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். குட்டியில் போட்ட இரண்டு ஊசி பதிவாகியிருந்தது. அதற்குக் கீழே எல்லாக் கட்டமும் காலி. ஐந்து வருடமாகக் காலி. அட்டை என் கையெழுத்தில் இருந்தது. அப்பாவைக் குறை சொல்ல வழியில்லை.

அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்ததும் எனக்கு ராஜாவின் நினைவு வந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது தோட்டத்து வீட்டில் இருந்த நாய். முதலில் கண்ணிலும் மூக்கிலும் சளியாக வடிந்தது. அப்புறம் சாப்பாடு வேண்டாம் என்றது. பிறகு ஒரு காலும் தாடையும் தானாகத் துடிக்க ஆரம்பித்தன. தூக்கத்திலும் துடித்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி காத்துக்கருப்பு என்றார், வேப்பிலை அடித்தோம். நாலாம் நாள் இழுப்பு வந்து போய்விட்டது. கித்தா மரத்தடியில் புதைத்தோம். அதற்கு என்ன நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது 2019 ஜூலையில், வானொலி நிலையத்தில், செய்திக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது. திரங்கானு மாநிலம் டுங்குன் பக்கம் ஒரு புலி கிராமத்துக்குள் வந்து, ஆட்களைக் கண்டு பயப்படாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து சுங்கையில் இருக்கும் தேசிய வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுங்கை பீடோருக்கு அடுத்த ஊர். அவாங் பெசுல் என்று பெயர் வைத்த அந்தப் புலி அங்கேயே இறந்தது. காரணம் 'கெனைன் டிஸ்டெம்பர்', நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய். மூளையையும் நரம்பையும் பிடித்துவிட்டால் பயம் போய்விடும், உடம்பு துடிக்கும், இழுப்பு வரும். செய்தியை வாசித்து முடித்துவிட்டு ஒலிவாங்கியை மூடினேன். ராஜாவின் துடிக்கும் கால்தான் கண் முன்னால் நின்றது.

நாயின் நோய் புலிக்கு வருமா என்று கேட்கலாம். வரும். புனுகுப்பூனைக்கும் வரும், சிங்கத்துக்கும் வரும். 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் இதே நோயால் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் செத்தன. அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அது. காட்டைச் சுற்றியிருந்த கிராமங்களின் நாய்களிடமிருந்து வந்த வைரஸ் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த சிங்கத்துக்கே அந்தக் கதி. நம் நாட்டில் 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. ஒவ்வொன்றும் கணக்கில் வருகிற நிலைமை.

மணி அன்றைக்கு அந்த நாற்பது நிமிடமும் எங்கே சுற்றியது, எதை முகர்ந்தது, எதை நக்கியது? மூக்கொழுகும் ஏதோ ஒரு தெருநாயை முகர்ந்துவிட்டுக் காட்டுக்குள் போயிருந்தால்? நான் ரேடியோவில் புலிக்காக வருத்தப்பட்டவள். என் வீட்டு அட்டையில் கட்டம் காலி.

அந்த நேயர் பார்த்த வீடியோவுக்கு வருவோம். இங்கிலாந்து மலையில் நாய் துள்ளி ஓடுவது அழகுதான். ஆனால் அங்கேயும் விட்டுவிட முடியாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்கள் நடக்கத் திறந்துவிடப்பட்ட மலைநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். அது தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். ஆடு மாடு பக்கத்தில் இருந்தால் வருடம் முழுக்க அதே விதி. அவர்கள் ஆட்டுக்கும் பறவைக்கும் கயிறு கட்டுகிறார்கள். நாம் புலிக்காகக் கட்டினால் என்ன?

ஆக, நாயோடு மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு மணியிடமிருந்து நான் கற்ற பாடங்கள் இவை.

முதலில் ஊசி. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் போட வேண்டும். ஒரு வருடம் கழித்து மறுபடி, அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லும் கணக்குப்படி. டிஸ்டெம்பருக்கு வந்தபின் மருந்தில்லை, வராமல் தடுக்கத்தான் ஊசி. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். காட்டு ஓடைத் தண்ணீரிலும் சேற்றிலும் அது இருக்கலாம், நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

அடுத்தது கயிறு. எதிரில் மலாய்க்காரக் குடும்பம் நடந்து வந்தால் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். நாய் மேலே பட்டால் அவர்களுக்கு அதைச் சுத்தம் செய்ய ஒரு முறை இருக்கிறது, அந்தச் சிரமத்தை நாம் தரக்கூடாது. ஓராங் அஸ்லி கிராமத்து வழியாகப் போவதானால் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். பீடோரைச் சுற்றி செமாய் மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் நாய்கள் உண்டு, நம் நாயின் நோய் அவற்றுக்கும் ஒட்டும். நிரந்தரக் காட்டுப் பகுதிக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி வேண்டும். நாயையும் கொண்டுபோகலாமா என்று அங்கேயே கேளுங்கள். தேசியப் பூங்காவுக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது வெயில். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காலையிலேயே போய், வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். அதற்கும் தனியாகத் தண்ணீர் வேண்டும். திரும்பி வந்ததும் காது, விரலிடுக்கு, மூக்குத் துவாரம் எல்லாம் பார்த்து அட்டையையும் உண்ணியையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மணியைக் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். "தோட்டத்து நாய்க்கு எதுக்கு ஊசி? உங்க பாட்டி காலத்துல எந்த நாய்க்குப் போட்டாங்க?" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. ராஜாவுக்கு வந்தது என்ன நோய் என்பதை மட்டும் சொன்னேன். அவாங் பெசுல் கதையையும் சொன்னேன். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நான் எழுவதற்கு முன்பே அப்பா சட்டை மாற்றித் தயாராக நின்றார். கையில் புதுக் கயிறு. கிளினிக்கில் மணியின் தலையை அவர்தான் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டது மணிக்குத் தெரியக்கூட இல்லை. காருக்குத் திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டார்:

"அந்தக் காலத்துலயும் இந்த ஊசி இருந்திச்சாம்மா?"

"இருந்திச்சுப்பா."

அப்பா மணியின் காதைத் தடவிக்கொண்டே வந்தார். மறுநாள் காலை மேட்டில் கயிற்றை என்னிடம் தரவே இல்லை.