பீரோவில் கிடக்கும் கேசட்டுகள்

ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதி வீட்டு பீரோக்களில் 2000-களில் எடுத்த மினிடிவி (MiniDV) கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன: கல்யாணம், சீமந்தம், சித்திரைத் தேர், இன்று நம்மோடு இல்லாத பாட்டியின் குரல். அந்தக் குரலுக்காகவே சொல்கிறேன், இந்த வருஷமே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். ஊருக்கு ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம். அந்த ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். மாற்றும்போது கேமராவிலிருந்து மஞ்சள் ஒயரில் எடுக்க வேண்டாம், படம் மங்கும். ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் நாடாவில் பதிந்தது அப்படியே வரும். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம், சுமார் 13 ஜிபி. புது லேப்டாப்களில் ஃபயர்வயர் போர்ட் இல்லை. அதனால் அந்த போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். திருச்சியில் ஸ்டூடியோவில் கொடுத்தால், டிவிடியோடு விடாமல் மேலும் சுருக்காத மூலக் கோப்பையும் ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள்.