நெடுந்தொலைவு ஓட்டமும் அன்றாட விசுவாசமும்

மதுரைக்கு மேற்கே, நாகமலையை அடுத்துள்ள கீழக்குயில்குடியில் விடியற்காலை வேளைகளில் நடப்போரையும் ஓடுவோரையும் காணலாம். சமணர் மலையும் அதன் அடிவாரத்துத் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் ஆலமர நிழலும் அவர்களை அங்கே ஈர்க்கின்றன. மலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள் இன்றும் உள்ளன. உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் உயர்ந்த கொடையாகப் போற்றிய சமணத் துறவியர் நோன்பிருந்த மலை அது. அம்மலையடியில் ஓடப் பழகுவோர் முதலில் கற்கும் பாடம் ஒன்றுண்டு. தொடக்கத்திலேயே பாய்ந்து ஓடுபவர் சற்று நேரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார். நிதானமாகத் தொடங்கியவர் அவரைக் கடந்து செல்வார்.

நீண்டகாலச் சிகிச்சை பெறுவோருக்கும் அவர்களுக்குத் துணையிருப்போருக்கும் இப்பாடம் பெரிதும் பொருந்தும் என்பது நமது கருத்து. இம்மடலைப் பல சமயத்தாரும் வாசிக்கின்றனர். நாம் இங்கே கிறித்தவ விசுவாசத்தை முன்வைத்து எழுதினாலும், சொல்லவரும் செய்தி இறைநம்பிக்கையுடைய எவருக்கும் அந்நியமானதன்று.

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து இருப்பு, பலருக்கும் சுமார் 30 கிலோமீட்டரைக் கடக்கும்போது தீர்ந்துபோகத் தொடங்குகிறது. கால்கள் கனக்கின்றன, மனம் தளர்கிறது. அந்த நேரத்தில் உற்சாகம் மட்டும் உதவாது. பல மாதங்கள் பழகிய பழக்கமே கைகொடுக்கும். ஆகவே தேர்ந்த ஓட்டக்காரர்கள் தங்கள் பயிற்சியின் பெரும்பகுதியை மெதுவான ஓட்டத்திலேயே கழிக்கின்றனர். தாகம் முற்றுவதற்கு முன் நீர் அருந்துகின்றனர். ஓய்வு நாளையும் பயிற்சியின் பகுதியாகக் கருதுகின்றனர். ஏனெனில் உடல் வலுப்பெறுவது ஓடும்போது மட்டுமன்று, ஓடியபின் இளைப்பாறும்போதும்தான்.

பவுல் அப்போஸ்தலர் தம் நிருபங்களில் விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிட்டார். அவர் கடிதம் எழுதிய கொரிந்து நகரின் அருகே ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்துமியப் போட்டிகள் நடைபெற்றன. வீரர்கள் உணவிலும் உறக்கத்திலும் தம்மை அடக்கிப் பழகுவதை அந்நகர மக்கள் அறிந்திருந்தனர். எனவே, விசுவாசம் என்பது ஒருநாள் பரவசத்தில் முடிவதன்று, நாள்தோறும் பழகவேண்டியது என்பதை அவர்களுக்கு உணர்த்த அந்த உவமை ஏற்றதாக இருந்தது.

ஆயினும், நோய்க்காலத்தில் விசுவாசத்தைக் குறுந்தொலைவு ஓட்டமாக எண்ணிவிடுவோர் நம்மிடையே உளர். ஜெபித்தபின் உடல் தேறியதுபோல் தோன்றியதும் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். தொடர்ந்து மருந்துண்பது கடவுள்மேல் நம்பிக்கையில்லாமையைக் காட்டும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வாறே சொல்லி அச்சுறுத்தும் உறவினரும் உண்டு. இக்கருத்து தவறானது என்றும் உயிருக்கு ஆபத்தானது என்றும் நாம் தெளிவாகக் கூற விரும்புகிறோம்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதங்கள் நீடிக்கும். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசியெடுத்து, எடை கூடத் தொடங்கிவிடும். நோய் போய்விட்டது என்று அப்போது மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத நிலையையும் அடையக்கூடும். இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியதில் நம் மாநிலத்திற்குப் பங்குண்டு. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்துண்டு, சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இணையாகக் குணமடைவதை அதன் ஆய்வு 1959இல் எடுத்துக்காட்டியது. அம்மையத்தின் அனுபவம் இன்னொன்றையும் வலியுறுத்தியது: மருந்தைத் தவறாமல் உண்பதில்தான் வெற்றி அடங்கியுள்ளது. நல்ல படுக்கையும் நல்ல காற்றும் செய்ய இயலாததைத் தவறாது உண்ட மாத்திரை செய்தது.

வேதாகமமும் மருந்துக்கு எதிரானதன்று. பவுலுக்கு நெருங்கிய துணையாயிருந்த லூக்கா ஒரு மருத்துவர். தீமோத்தேயுவுக்கு வயிற்று உபாதை இருந்தபோது பவுல் அக்கால வழக்கப்படி சிறிது திராட்சரசம் பருகுமாறு அறிவுறுத்தினார். அவருடைய விசுவாசத்தைக் குறைகூறவில்லை. பவுலே தம் உடலில் இருந்த ஒரு வேதனை நீங்குமாறு மும்முறை வேண்டினார். அது நீங்கவில்லை. அதனால் அவர் விசுவாசம் குன்றியவர் என்று எவரும் சொல்வதில்லை. அப்படியிருக்க, நீரிழிவுக்கோ வலிப்புக்கோ ஆண்டுக்கணக்கில் மருந்துண்ணும் ஒருவரை மட்டும் நாம் ஏன் ஐயுற வேண்டும்?

அன்றாட முடிவுகளில் விசுவாசம் எவ்வாறு வெளிப்படும் என்பதற்கு எரிக் லிடெலின் வாழ்வு ஓர் எடுத்துக்காட்டு. அவர் நெடுந்தொலைவு ஓட்டக்காரர் அல்லர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்திற்குரியவராக எதிர்பார்க்கப்பட்ட ஸ்காட்லாந்து வீரர். அதன் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்ததால், ஓய்வுநாளை முன்னிட்டு அதில் ஓட மறுத்தார். பலரும் எண்ணுவதுபோல் இது கடைசி நேரத்து வீரச்செயலன்று. அட்டவணையை முன்கூட்டியே அறிந்து முடிவெடுத்து, 400 மீட்டருக்கு மாதக்கணக்கில் பயிற்சி செய்தார், 47.6 வினாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். மறு ஆண்டு ஆசிரியராகவும் ஊழியராகவும் சீனாவுக்குச் சென்றார். பிற்காலத்தில், போரின்போது வெய்சியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே ஞாயிறுகளில் விளையாடிய பிள்ளைகள் தங்களுக்குள் சண்டையிட்டதைக் கண்டு, அந்நாளிலேயே அவர்களுக்கு நடுவராக நிற்க முன்வந்தார். தமக்காகத் தளர்த்தாத விதியைப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். 1945இல் மூளைக் கட்டியால் அம்முகாமிலேயே இறந்தார். ஒழுங்கு அன்புக்குப் பணிசெய்ய வேண்டும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நமக்குக் கற்பிக்கின்றன.

ஓடவே இயலாதவருக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு விடையாக நம் மாநிலத்தில் வாழ்ந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நடக்கும் ஆற்றல் திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வழிநடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கால்கள் இன்றியே நெடுந்தொலைவு ஓடிய வாழ்வு அது. எழுந்து அமர்தல், புண் வராமல் உடலைத் திருப்புதல் போன்ற, பிறர் கவனியாத சிறு பயிற்சிகளை நாள்தோறும் செய்வதே தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் ஓட்டம். அதற்குக் கைதட்டும் கூட்டம் இருப்பதில்லை.

துணையிருப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உறங்காமல், உண்ணாமல், பிறரிடம் உதவி கேளாமல் நோயாளியைப் பார்த்துக்கொள்வதே அன்பு என்று நீங்கள் எண்ணலாம். எலியா தீர்க்கதரிசி களைத்துச் சாவை விரும்பிப் படுத்தபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் நீரும் தந்து, உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தான். போகவேண்டிய வழி நீண்டது என்பதே அவன் கூறிய காரணம். தங்கையையோ அண்டைவீட்டாரையோ சபையாரையோ ஓரிரவு மருத்துவமனையில் தங்கச் சொல்லிவிட்டு நீங்கள் உறங்குவது கடமை தவறுதலாகாது. சபையாருக்கும் நமது வேண்டுகோள் இதுவே: நோயாளியைக் காண வரும்போது ஜெபத்தோடு ஒரு வேளைச் சோற்றையும் கொண்டுவாருங்கள், ஓரிரவுக் காவலையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நடக்கவோ ஓடவோ விரும்பும் நோயாளிகள் முதலில் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. நாள்தோறும் பாதங்களைப் பார்த்துப் புண் உள்ளதா என ஆராய வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால் உடனே நின்று உதவி கேட்க வேண்டும். தேர்ந்த ஓட்டக்காரர் தம் எல்லையை அறிந்தவர். நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதற்கு அவர் நாணுவதில்லை.

காலையில் மாத்திரை உறையைப் பிரிக்கும்போது ஒரு சிறு ஜெபம் செய்யலாம். மாத்திரையையும் விழுங்க வேண்டும். மருந்தை விட்டுவிடத் தோன்றினால், விடுவதற்கு முன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசுங்கள். பக்கவிளைவாக இருக்கலாம், பணமுடையாக இருக்கலாம், வெறும் சலிப்பாகவும் இருக்கலாம். எதுவானாலும் சொல்லுங்கள். அவ்வாறு வந்து கேட்பதையும் விசுவாசத்தின் ஒரு செயலாகவே நாம் கருதுகிறோம்.